யாருக்காக அழகாகிறது அந்தத் தெரு?



பழைய தெரு ஒன்று புதுப்பொலிவு பெறுகிறது. சாக்கடை சீராகிறது, விளக்கு எரிகிறது, நல்ல கடைகள் வருகின்றன. மகிழ வேண்டிய செய்திதானே? ஆனால் வாடகையும் கூடவே ஏறுகிறது. காலங்காலமாக அங்கே குடியிருந்தவர்கள் அந்த விளக்கு வெளிச்சத்தில் நடக்க இருப்பதில்லை. லண்டனில் உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதிகளில் இது நடப்பதைக் கண்ட சமூகவியலாளர் ரூத் கிளாஸ், 1964-இல் இதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். 'ஜென்ட்ரி' என்றால் நிலவுடைமைக் கனவான்கள். பெயரிலேயே கொஞ்சம் கேலி இருக்கிறது.

இதை ஏழை, பணக்காரர் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மேற்கு ஓக்லண்டை எடுத்துக்கொள்வோம். இரயில் பணியாளர்களும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலை தேடி வந்தவர்களுமாகக் கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த இடம் அது. 1930-களில் அரசு நிறுவனம் வரைந்த வரைபடங்களில் இத்தகைய பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டப்பட்டது. இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்பது அதன் பொருள். கடன் கிடைக்காத இடத்தில் வீடு பழுதாகும், விலை விழும். விலை விழுந்த இடத்தைத்தான் பின்னாளில் முதலீட்டாளர் தேடி வருகிறார். 1980-இல் ஓக்லண்ட் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர். 2020-இல் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. யார் ஏழையாக இருப்பது என்பதையே அங்கே நிறம்தான் பெருமளவு தீர்மானித்திருக்கிறது.

இதில் பெண்களின் நிலை என்ன? மில்வாக்கி நகரில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களை மேத்யூ டெஸ்மண்ட் ஆராய்ந்தார். கறுப்பினக் குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்கள் அந்நகர மக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெளியேற்றப்பட்டவர்களிலோ ஏறக்குறைய 30 விழுக்காடு. பிள்ளைகள் இருப்பதே வீட்டுக்காரர் முகம் சுளிக்கக் காரணமாகிறது. அடிக்கும் கணவனுக்கு அஞ்சிக் காவல்துறையை அழைத்தால், 'தொல்லை தரும் குடித்தனம்' என்று அவள்மீதே பழி விழுவதும் உண்டு.

சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருக்களுக்குப் புதிதாகக் குடிவருபவர்களிலும் பெண்கள் உண்டு. கணவன் வேலைக்குப் போக மனைவி வீட்டில் இருப்பாள் என்ற கணக்கில் கட்டப்பட்டவை புறநகர்கள். வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு, அதிலும் தனியே பிள்ளை வளர்ப்பவளுக்கு, நகர மையமே வசதி. புவியியல் ஆய்வாளர் டமாரிஸ் ரோஸ் 1984-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் எல்லாரும் வசதி படைத்தவர்களும் அல்ல. ஆனாலும் ஒரு பெண் தேடிய சுதந்திரம் இன்னொரு பெண்ணின் வாடகையை ஏற்றிவிடுகிறது. புதுவீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவளே அந்தத் தெருவை விட்டுப் போனவளாக இருக்கலாம். 'பெண்கள்' என்று பொதுவாகப் பேசும் பெண்ணியம் இவளைக் காணத் தவறிவிடும். இனமும் பாலினமும் ஒரே ஆள்மீது சேர்ந்து விழும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989-இல் வாதிட்டது இதனால்தான்.

மேற்கு ஓக்லண்டில் 2019 நவம்பரில், வீடில்லாத கறுப்பினத் தாய்மார் சிலர், ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கிப் பூட்டி வைத்திருந்த வீட்டில் பிள்ளைகளோடு குடியேறினார்கள். சட்டப்படி அது அத்துமீறல்தான். நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 14 அன்று விடியுமுன் ஆயுதம் ஏந்திய காவலர்கள் வந்து வெளியேற்றினார்கள். ஆறு நாள் கழித்து, சமூக நில அறக்கட்டளை ஒன்றுக்கு வீட்டை விற்கப் பேச நிறுவனம் இசைந்தது. இத்தகைய அறக்கட்டளையில் நிலம் பொதுவில் இருக்கும், சந்தை விலைக்குக் கைமாறாது. அதனால் வருமானம் குறைந்தவர்கள் அங்கே நிலைத்திருக்க முடிகிறது. அது ஒரு வீட்டின் கதை. அப்போது அந்நகரில் வீடின்றி இருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல்.