கலோரிக் கணக்கு பலிக்குமா?

உண்ணும் ஆகாரம் தரும் சக்தி, செலவாகும் சக்தியைவிடக் குறைந்தால், சரீரம் தன் சேமிப்பைக் கரைத்தே அக்குறையை ஈடுசெய்தாக வேண்டும். இந்தப் பௌதிக நியதிக்கு விலக்கில்லை. ஆயினும், வரவைக் குறைத்தாலும் செலவு முன்போலவே நிற்கும் என்று எண்ணுவதில்தான் பிழை நேர்கிறது.

1944-45இல், போரினால் பட்டினி கிடந்தோரை மீட்கும் வழியறிய வேண்டி, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் ஏறக்குறையப் பாதி உணவே அளித்துப் பரிசோதித்தபோது, அவர்கள் எடையில் சுமார் கால்பங்கை இழந்தார்கள் என்பது மெய். ஆனால் நாடித் துடிப்பு தளர்ந்து, எப்போதும் குளிரால் நடுங்கி, சும்மா படுத்திருக்கையில் உடல் செலவிடும் சக்தியும் சுமார் 40 சதவிகிதம் குன்றிப்போக, உணவைத் தவிர வேறு நினைவற்றவர்களாய் அவர்கள் வாடினார்கள்.

உணவுப் பொட்டலத்தில் அச்சிட்ட கலோரி எண்ணும் பூரணமன்று: மெல்லும்போது உடையாத உயிரணுச் சுவர்களுக்குள் கொழுப்பு சிறைப்பட்டு வெளியேறுவதால், பாதாம் பருப்பிலிருந்து நாம் பெறும் சக்தி, வழக்கமான கணக்கைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவே.

ஆகவே, கணக்கு வையுங்கள். உணவை மிதமாகவே குறையுங்கள். எடை இறங்காமல் நின்றால் கணக்கைத் திருத்துங்கள். பட்டினியை மட்டும் நாடாதீர்கள்.