பாட்டிக்கு எதற்குக் கரண்டு வைத்தியம்?

"எனக்கு வயசு எழுபதாச்சு. இனி எதுக்கு ஆஸ்பத்திரியும் ஊசியும்? இருக்கிற காசைப் பேத்திக்கு வைங்க." கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று கார்டில் எழுதி வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் பாட்டிமார் பலர் இப்படித்தான் சொல்வார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்து பார்க்க வருகிறவர்களும், "அதுவும் சரிதானே, இந்த வயசுல ஏன் போட்டு வதைக்கணும்" என்று தலையாட்டுவார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வைத்தியத்தைக் கைவிட்டால் பாட்டி வதைபடாமல் இருக்கப்போவதில்லை. இரத்தப்போக்கு, நாற்றம், இரவெல்லாம் இடுப்பு வலி, கடைசியில் சிறுநீர் அடைப்பு என்று நோய் தன் வேலையைச் செய்துகொண்டே போகும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது "தூரம் திரும்பி வந்தது" அல்ல. எல்லா நேரமும் அது புற்றுநோயாக இருக்காது. ஆனாலும் பார்த்தே ஆகவேண்டும். துணியை ஒளித்துத் துவைத்துக் காயப்போடும் பாட்டியைக் கண்டால் மகளோ மருமகளோ தோட்டத்து மிட்வைஃபிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். மிகவும் சாதாரணமாகப் பரவுகிற கிருமி. உடம்புக்குள் புகுந்து பல பத்து வருடங்கள் கழித்துக்கூட நோயைக் காட்டும். ஆகவே யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. பாட்டியின் தட்டையும் கிளாஸையும் தனியாக வைக்கவும் வேண்டாம். ஒன்றாகச் சாப்பிடுவதால் புற்றுநோய் ஒட்டாது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். நோய் கருப்பைக் கழுத்தைத் தாண்டிச் சுற்றுப்புறத்தில் பரவியிருந்தால் ஒப்பரேஷன் செய்வதில்லை. கதிர் வைத்தியமும் கூடவே ஊசி மருந்தும்தான் கொடுப்பார்கள். கதிர் வைத்தியத்தைத்தான் நம் ஆட்கள் "கரண்டு வைக்கிறது" என்கிறார்கள். உண்மையில் அதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுப்பதைப் போலத்தான், ஆனால் கதிரின் வலு மிக அதிகம். மேசையில் சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும், சுடாது, வலிக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், ஏறக்குறைய ஐந்து வாரம், சுமார் 25 தடவை. வெளியே வந்தபின் உடம்பில் கதிர் ஒட்டிக்கொண்டிருக்காது. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். அதன்பின் உள்கதிர் என்று சில தடவை வைப்பார்கள். கருப்பை வாயில் சிறு குழாய் வைத்து, அதன் வழியாக நோய் இருக்கும் இடத்துக்கே கதிரைக் கொண்டுபோவது. கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இதைத் தவிர்த்தால் வைத்தியம் பாதியில் நின்ற மாதிரி. எங்கே, எந்தத் தேதியில் என்று முன்கூட்டியே கேட்டுக் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். வாரம் ஒரு தடவை, நிறைய சேலைனோடு ஏற்றுவார்கள். முன்பெல்லாம் கதிர் மட்டும்தான். கதிரோடு இந்த மருந்தையும் சேர்த்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று ஐந்து ஆய்வுகள் காட்டியதால், 1999 பெப்ரவரியில் அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிலையம் டொக்டர்மாருக்கு விசேஷ அறிவித்தல் கொடுத்தது. 2008இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஊசியும் சேர்ந்தால் 100 பேரில் சுமார் 6 பேர் கூடுதலாக ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. அதாவது கதிர்தான் சோறு, ஊசி கறி. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கக்கூடியது. வயதானவரின் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் டொக்டர் மருந்தை மாற்றுவார், அல்லது கதிரை மட்டும் கொடுப்பார். "ஊசி வேணாம்னுட்டாங்க, கைவிட்டுட்டாங்க" என்று அழ வேண்டாம். சோறு தட்டில்தான் இருக்கிறது.

வயதை மட்டும் பார்த்து வைத்தியத்தை மறுக்கக்கூடாது. சிறுநீரகம், இருதயம், இரத்தம் எப்படி, ஆள் தானே எழுந்து நடமாடுகிறாரா என்றுதான் பார்க்க வேண்டும். நேற்றுவரை விறகு சுமந்த எழுபது வயதுப் பாட்டி, சீனி வியாதியோடு இருக்கும் ஐம்பது வயதுக்காரியைவிட நன்றாகத் தாங்கலாம். முழங்கால் வலிக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரைகளையும் நாட்டு மருந்தையும் மறைக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். சில வலி மாத்திரைகள் சிஸ்பிளாட்டினோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. நம் பெண்களுக்கு இரத்தசோகை வேறு. இரத்தம் குறைந்த உடம்பில் கதிர் சரியாக வேலை செய்யாது. ஆகவே தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுவார்கள். சாப்பாட்டோடு பிளேன்டீ குடிப்பதை விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். (தேயிலையில் பிழைக்கிற நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!)

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவ, நாவலப்பிட்டிப் பக்கத்து ஆட்களுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையிலேயே கதிர் வைத்தியம் உண்டு. எடுத்த எடுப்பில் மஹரகமவுக்கு ஓட வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கஷ்டமெல்லாம் பிரயாணத்தில்தான். விடிகாலை பஸ், கூடப் போகிறவருக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. தூரத்துக்காரர் என்று சொல்லி வார்டில் தங்க இடம் கிடைக்குமா என்று முதல் நாளே கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளர் உதவிப் பணம் பற்றி விசாரியுங்கள். பிள்ளைகள் நால்வர் இருந்தால் முறை வைத்துக் கூடப் போகலாம். ஒரே மருமகள் 25 நாளும் போக முடியாது.

மூன்றாம் வாரம்தான் உண்மையான சோதனை. வயிற்றோட்டம், சிறுநீர் எரிச்சல், வாந்தி, அசதி எல்லாம் அப்போதுதான் கூடும். "போதும், கோயில் திருவிழா முடிஞ்சு பார்ப்போம்" என்று பாட்டி சொல்வதும் அப்போதுதான். விடாதீர்கள். பாதி வெட்டி விட்ட களை ஒரு மழைக்கு எப்படிக் கிளம்பும் என்று மலையில் வேலை செய்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இடைவெளி விட்டால் நோயும் அப்படித்தான். உள்கதிரோடு சேர்த்து எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுங்கள். கஞ்சியும் நல்லது. எரிச்சலுக்கும் வாந்திக்கும் ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு, கேட்டால் தருவார்கள். தோலில் போட்ட அடையாளத்தைத் தேய்த்துக் கழுவவோ, அதில் தைலம் பூசவோ வேண்டாம். ஊசி ஏற்றும் காலத்தில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் கொட்டினால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

எல்லாருக்கும் குணமாகும் என்று எழுதினால் அது பொய். ஆரம்பத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். முற்றியபின் வந்தவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டால் முழுக்கக் குணப்படுத்துவது மிகக் கஷ்டம். அப்போதும் சில நாள் கதிர் வைத்து இரத்தத்தை நிறுத்தலாம், வலியைக் குறைக்கலாம். கடைசி மாதங்களைச் சுத்தமான படுக்கையில், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்காரும்படி கழிப்பது சின்ன விஷயமா?

முடிந்த பின்னும் கிளினிக் திகதி தவறக்கூடாது. மாதங்கள் கழித்து மலத்தில் இரத்தம் கண்டால் அது கதிரின் விளைவாகவும் இருக்கலாம். பயந்து மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. கருப்பைக் கழுத்தைச் சோதிக்கும் வெல் வுமன் கிளினிக்குகள் நம் நாட்டில் 1996இல்தான் தொடங்கின. இன்று 75ஐத் தாண்டிய பாட்டிமாருக்கு அப்போதே 45 வயது கடந்துவிட்டது, சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. பாட்டியோடு கண்டிக்குப் போய்வரும் மகளுக்கு 35 அல்லது 45 வயதென்றால் அவர் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். கடிதம் வீட்டுக்கு வரும்போது பேத்திக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.