குடி வந்த இடத்தில் ஓட்டு

பெருங்களத்தூரிலிருந்து வண்டலூருக்கு மின்சார ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். வாடகை கொஞ்சம் குறையும் என்று ஒரு குடும்பம் அங்கிருந்து இங்கே வீடு மாறினால், வேலைக்குப் போகிற ரயில்கூட மாறாது. வாக்காளர் என்ற முறையில் பார்த்தால் எல்லாமே மாறிவிடுகிறது. பெருங்களத்தூர் இருப்பது தாம்பரம் சட்டமன்றத் தொகுதியில், ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில். 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியிலும் அது சேர்ந்துவிட்டது. வண்டலூர் இருப்பது செங்கல்பட்டு சட்டமன்றத் தொகுதியில், காஞ்சிபுரம் தனித் தொகுதியில். 2021 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் கிராம ஊராட்சியாக வாக்களித்த ஊர். எம்.எல்.ஏ., எம்.பி., தெருவிளக்குக்குப் போய்க் கேட்க வேண்டிய ஆள் என அத்தனை பேரும் வேறு. ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயர் மட்டும் பழைய தெருவின் பட்டியலிலேயே கிடக்கும். கேஸ் இணைப்பை மாற்றுகிறோம், பிள்ளையின் பள்ளியை மாற்றுகிறோம், வங்கியில் முகவரியை மாற்றுகிறோம். ஓட்டை மாற்றுவதை மட்டும் தேர்தல் வரட்டும் என்று தள்ளிப்போடுகிறோம்.

இந்தத் தள்ளிப்போடலின் அளவு என்ன என்பதை 2025 டிசம்பர் 19 காட்டிவிட்டது. வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிர திருத்தத்தில் அன்று வெளியான வரைவுப் பட்டியலில், தமிழ்நாட்டின் 6.41 கோடி வாக்காளர்கள் 5.43 கோடியாகக் குறைந்திருந்தார்கள். விடுபட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம். 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம் பெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர் என்ற கணக்கில் போனவை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம் பெயர்கள். திருத்தம் நடத்தப்பட்ட வேகத்தைப் பற்றியும் விதத்தைப் பற்றியும் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. அவற்றில் நியாயம் உண்டு. வேறோர் ஊரில் ஏற்கெனவே பதிந்துகொண்டவர்களும் அந்த 66 லட்சத்துக்குள் இருப்பார்கள். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஓர் உண்மை மிஞ்சுகிறது: நம் பட்டியல் மனிதர்கள் வாழும் இடத்தை அல்ல, வாழ்ந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வாடகை வீடுகளும் புதிய குடியிருப்புகளும் நிறைந்த தென் சென்னைப் புறநகரில் இந்த இடைவெளி இன்னும் அகலம்.

"ஊர்ல ஓட்டு இருக்கு" என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் பதில். சொந்த ஊரில் வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, குலதெய்வம் இருக்கிறது. ஓட்டும் அங்கேயே இருக்கட்டும் என்கிற பற்று புரிந்துகொள்ளக்கூடியதுதான். சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தையே கேட்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பது மட்டும் அங்கே குடியிருப்பதாகாது என்று அதன் 20ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனவர் தன் ஊர் ஓட்டை இழப்பதில்லை என்பதும் அதே பிரிவில்தான் உண்டு. மூன்று மாதக் கட்டட வேலைக்கு வண்டலூர் வந்திருப்பவர் ஊரிலேயே வாக்களிக்கலாம். அவர் திரும்பிப் போகப்போகிறவர். ரேஷன் அட்டையை இங்கே மாற்றி, பிள்ளைகளை இங்கே படிக்க வைத்துப் பத்தாண்டாக வாழ்பவரின் நிலை அதுவல்ல. இரண்டு இடத்திலும் பெயரை வைத்துக்கொள்வது இன்னும் மோசம். அதைச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள் தடுக்கின்றன. விண்ணப்பத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

சட்டத்தை விடுங்கள், நட்டத்தைப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்போது நம்மை வண்டலூரில்தான் எண்ணுவார்கள். தொகுதி எல்லையும் வார்டு எல்லையும் வகுக்கப்படுவது அந்தத் தலைக்கணக்கை வைத்து. சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் உள்ளாட்சித் தேர்தலுக்கும் அடிப்படை. ஆக, வார்டை வரையும்போது நாம் இருக்கிறோம், வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு ஜி.எஸ்.டி. சாலையின் இந்தப் பகுதி முகமே மாறிவிட்டது. நெரிசல், நடைமேம்பாலம், மழைநீர் வடிகால், குடிநீர் என்று அன்றாடம் தொல்லைப்படுகிறவர், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் வாக்களித்தால், இங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு அவரிடம் பதில் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

"வாடகைக்கு இருக்கிறோம், முகவரிக்குச் சான்று எங்கே போவது" என்பது அடுத்த கேள்வி. ஆதார், வங்கிப் பாஸ்புக், கேஸ் அல்லது மின் கட்டண ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்று போதும். எதுவுமே இல்லாதவருக்கும் வழி அடைபடவில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. நேரில் வந்து விசாரித்து உறுதிசெய்யலாம். நடைபாதையில் உறங்குபவர்களைக்கூட, அவர் இரவில் போய்ப் பார்த்து அங்கே தங்குவதை உறுதிசெய்து சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. அவர்களுக்கே இடம் தரும் பட்டியல், பதினொரு மாத ஒப்பந்தக்காரரைக் கைவிடாது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பட்டியலைச் சரியாக வைத்திருப்பது அரசின் வேலை, அதைக் குடிமக்கள் தலையில் கட்டலாமா? வேலை அரசுடையதுதான். விளக்கம் கேட்க வாய்ப்புத் தராமல் பெயரை நீக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயரை எளிதில் எடுத்துவிட முடியாது என்று லால் பாபு உசேன் வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த நோட்டீஸ் போகும் இடம் எது? பட்டியலில் உள்ள பழைய முகவரி. பி.எல்.ஓ. கதவைத் தட்டுவதும் அந்த வீட்டில்தான். திறப்பவர் புதிதாகக் குடிவந்த வேறு யாரோ. நமக்காக வைத்திருக்கும் பாதுகாப்பு நம் கைக்கு வந்து சேர வேண்டுமானால், நாம் இருக்கும் இடம் பட்டியலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது சிறியது. பட்டியலில் பெயர் இருப்பவருக்குப் படிவம் 8. வீடு மாற்றம், பிழை திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு ஆகிய நான்கில் தேவையானதற்கு டிக் போட வேண்டும். 2022 ஆகஸ்டு முதல் தொகுதி விட்டுத் தொகுதி மாறுபவருக்கும் இதே படிவம்தான். அட்டையில் இருக்கும் மூன்று எழுத்து, ஏழு இலக்க எண் மாறாது. பெயர் நீக்கப்பட்டவரும் புதிதாகச் சேருபவரும் நிரப்ப வேண்டியது படிவம் 6. பதினெட்டு வயதுக்கு ஜனவரி 1 மட்டும் கணக்கு என்ற காலம் போய், ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாட்களாகிவிட்டன; பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ முடியாதவர்கள் பி.எல்.ஓ.விடம் தாளாகவே கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பர்ஸில் இருக்கும் வாக்காளர் அட்டை வாக்குரிமை அல்ல, அடையாளம் மட்டுமே. அட்டை தொலைந்தாலும் பெயர் இருந்தால் வேறு ஆவணம் காட்டி வாக்களிக்கலாம். பெயர் இல்லாவிட்டால் அட்டையைக் காட்டிப் பயனில்லை. ஆகவே வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும், பாகம் எண்ணையும், வரிசை எண்ணையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்கு ஒரு பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ சட்டத்தில் இடமில்லை.