தகவல் துளி: மலேசியாவிலிருந்து வந்த ‘வல்லவன்’

‘வல்லவன்’ என்றதும் சிலம்பரசன் படம்தான் நினைவுக்கு வரும். அதே 2006ஆம் ஆண்டில், அதே பெயரில், மலேசியாவிலிருந்து தமிழ் ஹிப்-ஹொப் அல்பம் ஒன்றும் வெளிவந்தது. ‘யோகி பி அன்ட் நட்சத்திரா’ குழுவின் முதல் அல்பம் அது. யோகி பியுடன் டொக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் இருவரும் சேர்ந்த கூட்டணி.

யோகி பி அப்போது புதுமுகம் அல்ல. 1990களிலேயே ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் றப் பாடிப் பெயர் எடுத்தவர். ஆனாலும் தமிழ் இரசிகர்களிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ‘வல்லவன்’ அல்பத்தின் ‘மடை திறந்து’ பாடல்தான். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாடலின் மேல் கட்டப்பட்ட றப் அது. வாய்ப்புக்காக ஏங்கும் இசைக் கலைஞனின் கனவைச் சொன்ன பழைய பாட்டை, வாசலில் நிற்கும் புதிய குழுவொன்று எடுத்துக்கொண்டது பொருத்தமான தெரிவு. பழசைக் கெடுத்துவிட்டார்கள் என்று முகம் சுளிப்பவர்கள், ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பார்க்கலாம்.

அல்பத்துக்குக் கிடைத்த பெரிய விமர்சனம் கோடம்பாக்கத்தின் அழைப்புத்தான். அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில், ‘எங்கேயும் எப்போதும்’ பாடலின் மறுவடிவில் யோகி பி குரல் கொடுத்தார். பின்னர் ‘விவேகம்’, ‘காலா’ படங்களிலும் அவரது றப் ஒலித்தது.