முப்பது ஆண்டு கழித்து ஒரு சத்தியம்

1980 டிசம்பர் 28, அதிகாலை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் ரெண்டில்ஷாம் காட்டுக்குள் ஓர் அமெரிக்க விமானப்படை அதிகாரி கையடக்க டேப் ரிக்கார்டருடன் நடந்துகொண்டிருந்தார். அவர் லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஹால்ட், பக்கத்திலிருந்த பென்ட்வாட்டர்ஸ் விமானதளத்தின் துணைத் தளபதி. இரண்டு இரவுகளுக்கு முன் தளத்தின் காவலர்கள் அந்தக் காட்டில் விநோத வெளிச்சம் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். வதந்திக்கு முற்றுப்புள்ளி வைக்கப் போனவர், தாமும் வெளிச்சங்களைக் கண்டு திகைத்தார். பல மணி நேரம் விட்டுவிட்டுப் பேசிய சுமார் 18 நிமிடப் பதிவு இன்றும் கிடைக்கிறது.

அதே ஹால்ட் 2010 ஜூனில் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அன்று நெருக்கத்தில் கண்டவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்று நம்புவதாகவும், அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் இரண்டும் அந்த நிகழ்வின் முக்கியத்துவத்தைத் திட்டமிட்டுக் குலைக்க முயன்றதாகவும் அதில் சொன்னார். பொறுப்பான பதவியில் இருந்தவர், சத்தியம் செய்து சொல்கிறார். நாம் என்ன செய்வது?

கற்பூரத்தின் மேல் அடித்துச் சொன்னாலும், நோட்டரி முன் கையெழுத்திட்டாலும், சத்தியம் ஒன்றுக்குத்தான் உத்தரவாதம் தரும்: சொல்பவர் தாம் சொல்வதை நம்புகிறார். ஹால்ட் நம்புகிறார் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அவர் நினைவில் இருப்பது அன்றைய இரவுதானா, இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும் அதில் கலந்திருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதற்குச் சத்தியத்தால் பதில் சொல்ல முடியாது. பழைய காகிதங்கள்தான் சொல்ல வேண்டும்.

நல்லவேளையாக அவை இருக்கின்றன. சம்பவம் நடந்து இரண்டு வாரம் கழித்து, 1981 ஜனவரி 13 அன்று, ஹால்ட் ஒரு குறிப்பாணை எழுதினார். தலைப்பு, 'விளக்கம் கிடைக்காத வெளிச்சங்கள்'. வேற்றுலகம் என்ற பேச்சே அதில் இல்லை. மரங்களினூடே சூரியன்போலச் சிவந்த ஒளி தெரிந்தது, துடித்தது, ஒளிரும் துகள்களை உதிர்ப்பதுபோல் இருந்தது, ஐந்து வெள்ளைப் பொருள்களாகப் பிரிந்து மறைந்தது என்கிறது. 2010இல் அந்தத் துகள்கள் உருகிய உலோகம்போல் சொட்டுகின்றன. மறைந்துபோனவை எல்லாத் திசைகளிலும் பறந்து செல்கின்றன.

இதைவிட முக்கியமானது கலங்கரை விளக்கம். அந்நாளில் காட்டின் விளிம்பிலிருந்து கடற்பக்கம் பார்த்தால் ஆர்ஃபோர்ட்னெஸ் கலங்கரை விளக்கத்தின் ஒளி 5 வினாடிக்கு ஒருமுறை மின்னும். டேப்பில் வெளிச்சம் மறுபடி தெரிவதாகக் குரல் எழும் ஓரிடத்தில் இடைவெளியும் ஏறக்குறைய அதே 5 வினாடிதான். 1983இல் இதை எடுத்துச் சொன்னவர் வானியல் எழுத்தாளர் இயன் ரிட்பாத். பிரமாணப் பத்திரம் இதை மறுக்கிறது: கலங்கரை விளக்கத்தையும் அந்த ஒளியையும் ஒரே சமயத்தில் பார்த்தோம், நடுவே 35 முதல் 40 டிகிரி விலகல் இருந்தது என்கிறது. உண்மையானால் ரிட்பாத்தின் விளக்கமே அடிபட்டுப்போகும். ஆனால் இந்த விவரம் டேப்பிலும் இல்லை, குறிப்பாணையிலும் இல்லை. கேள்வி எழுந்த பிறகு வந்த பதில் இது. வழக்கைத் தீர்க்கக்கூடிய ஒரே விவரம் பிந்திய சாட்சியத்தில் மட்டும் இருக்கும்போது அதற்கு எடை குறைவு என்பதே என் எண்ணம்.

இரண்டு வாரத்திலேயே நினைவு வழுக்கியிருக்கிறது. முதல் சம்பவம் 27ஆம் தேதி என்கிறது குறிப்பாணை. உள்ளூர்க் காவல்துறைப் பதிவேட்டில் அது 26. இந்த ஒரு நாள் பிசகு சிறியதல்ல. 26 அதிகாலை 3 மணிக்குச் சற்றுமுன் தெற்கு இங்கிலாந்து வானில் பெரிய எரிகல் ஒன்று பாய்ந்தது. காவலர்கள் ஏதோ காட்டில் இறங்கியதாக நினைத்ததும் அதே நேரம். தேதி திருத்தப்பட்ட பிறகுதான் இரண்டும் பொருந்தின.

'ராணுவத்தாரின் கண் தப்பாது' என்பார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. எதிரியிடம் சிக்கினால் தாக்குப்பிடிப்பதற்கான பயிற்சி முகாமில் 500க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் கடுமையாக விசாரிக்கப்பட்டார்கள். பிறகு, தங்களை விசாரித்தவரை நேரடி அணிவகுப்பில் அடையாளம் காட்டச் சொன்னார்கள். கடும் நெருக்கடியில் விசாரிக்கப்பட்டவர்களில் சரியாகக் காட்டியவர்கள் சுமார் 30 விழுக்காடு. நெருக்கடி குறைவாக இருந்தபோது 62. சீருடை அச்சத்தைத் தாங்கக் கற்றுத்தரலாம், நினைவுக்குக் காப்பு போடாது.

காலத்தின் வேலையை உளவியலாளர் உல்ரிக் நைசர் காட்டினார். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, 11 பேர் சொன்னதில் ஒரு விவரம்கூடப் பொருந்தவில்லை. ஆனாலும் உறுதியோடு சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

ஹால்டுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலங்கரை விளக்கத்தின் ஒளி வெள்ளை. அவர் சொன்னது சிவப்பு. அந்த முரணுக்கு எல்லோரும் ஏற்கும் பதில் இல்லை. அது டேப்பிலேயே இருப்பதால், பிரமாணப் பத்திரத்தின் எந்த வரியைவிடவும் அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஆர்ஃபோர்ட்னெஸ் விளக்கு 2013இல் அணைக்கப்பட்டது. கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததால் 2020இல் கோபுரத்தையும் இடித்துவிட்டார்கள். இனி அந்தக் காட்டின் விளிம்பில் நின்று ஒளியை எண்ண முடியாது. டேப்பைப் போட்டுவிட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணலாம்.