பளபளக்கும் சுவரை நம்பாதீங்க!

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். இப்போது கட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? கட்டி முடித்ததை வாங்குகிறோம். அல்லது பழைய வீட்டுக்குப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து வைத்ததைப் 'புதுசு மாதிரி' என்று வாங்குகிறோம். பிறகுதான் இருக்கிறது வேடிக்கை!

எங்கள் காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருப்பதால், கம்பெனி வேலைக்கு வந்து இங்கேயே வீடு வாங்கித் தங்கியவர்கள் நிறையப் பேர். எங்கள் தெரு அக்கா ஒருவர், கணவரின் பி.எப். பணத்தோடு தன் நகையையும் போட்டுப் புது வீடு வாங்கினார். முதல் மழைக்கே தளத்தில் ஈரம். அடுத்த மழையில் பூச்சு பெயர்ந்து, பேரன் படுக்கும் பாய் மேலேயே விழுந்தது. நல்லவேளை, குழந்தை அப்போது கூடத்தில் விளையாடிக் கொண்டிருந்தான். கட்டித் தந்தவரைக் கேட்டால், "ஏரிப் பக்கத்து ஊரும்மா, ஓதம் வரத்தான் செய்யும்" என்றாராம். ஏரித் தண்ணி மொட்டை மாடி வழியாவா ஏறி வரும்?

2021 ஆகஸ்டில், சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடியில், கை வைத்தாலே சுவர் உதிர்ந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஐ.ஐ.டி. நிபுணர்கள் சோதித்தார்கள், பொறியாளர்கள் இருவர் சஸ்பெண்ட் ஆனார்கள். குடியிருந்தவர்கள் வாய் திறந்ததால்தான் அது வெளியே வந்தது.

காரணம் ரொம்ப சிம்பிள். சிமென்டைக் குறைத்து, கழுவாத தூசி மணலைக் கலப்பது ஒன்று, அவசரம் இன்னொன்று. சிமென்ட் இறுகத் தண்ணீர் வேணும். தளம் போட்டால் பாத்தி கட்டி இரண்டு வாரமாவது தண்ணீர் நிறுத்தணும். பூச்சு வேலைக்கு ஒரு வாரமாவது நனைக்கணும். ஈரம் காயுமுன்னே பட்டி, பெயின்ட் என்று பூசினால் பொரிந்துதான் போகும்.

வீடு பார்க்கப் போகும் தோழிகள் கவனிக்க:

* சுவரை விரலால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் பூச்சு ஒட்டவில்லை.

* பெயின்ட் படாத மூலையைச் சாவியால் கீறுங்கள். மணல் கொட்டக் கூடாது.

* குளியலறைக்குப் பின்பக்கச் சுவரையும், அலமாரி உட்புறத்தையும் தொட்டுப் பாருங்கள்.

* ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்டா? எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

* முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை போங்கள்.

வாங்கியபின் குறை தெரிந்தால், தலையெழுத்து என்று இருந்துவிடாதீர்கள். ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் பதிவான குடியிருப்பு என்றால், சாவி வாங்கிய 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். தனி வீடு கட்டித் தந்த காண்ட்ராக்டர் மீது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் தரலாம். வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். அதனால் ஒப்பந்தம், ரசீது, போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

அந்த அக்காவும் போட்டோக்களோடு பதிவுத் தபால் அனுப்பினார். போனையே எடுக்காதவர், பத்தாம் நாள் கொத்தனாரோடு வந்து நின்றார்!

புடவை வாங்கினால் முந்தானையைப் பிரித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் எடுக்கிறோம். ஆயுசு பூராவும் கடன் கட்டப் போகும் வீட்டை மட்டும் ஆண்கள் பார்த்தால் போதும் என்று ஏன் விடணும்? நாள் முழுக்க அந்தக் கூரைக்கடியில் இருக்கப் போவது நாமும் குழந்தைகளும்தானே!

- ஒரு வாசகி, காக்களூர்.