விரோத்ஸ்வாஃப் ஜப்பானியத் தோட்டம்

விரோத்ஸ்வாஃப் ஜப்பானியத் தோட்டம் என்பது, போலந்து நாட்டின் தென்மேற்கில் உள்ள விரோத்ஸ்வாஃப் நகரில், ஷ்சித்னித்ஸ்கி பூங்காவினுள் அமைந்துள்ள மரபுவழி ஜப்பானியத் தோட்டம் ஆகும். 1913 ஆம் ஆண்டில் கண்காட்சி ஒன்றுக்காக உருவாக்கப்பட்ட இது, பின்னர் இருமுறை தன் உருவை இழந்து, இருமுறையும் மீட்டமைக்கப்பட்டது. இதன் ஜப்பானியப் பெயர் ஹக்கோஎன் என்பதாகும். வெண்மையும் செம்மையும் கொண்ட தோட்டம் என்பது இதன் பொருள். ஜப்பான், போலந்து ஆகிய இரு நாடுகளின் கொடிகளும் இவ்விரு நிறங்களையே கொண்டுள்ளன.

தோற்றம்

1913 இல் இந்நகரம் பிரெஸ்லாவு என்னும் பெயருடன் ஜெர்மானியப் பேரரசின் பகுதியாக இருந்தது. நெப்போலியனுக்கு எதிராக 1813 இல் நடைபெற்ற போர்களின் நூற்றாண்டு நினைவாக இங்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தப்பட்டது. 2006 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட நூற்றாண்டு மண்டபமும் இதன் பொருட்டுக் கட்டப்பட்டதே. கண்காட்சியின் தோட்டக்கலைப் பிரிவுக்காக, ஜப்பானியக் கலையில் ஈடுபாடு கொண்ட ஃபிரிட்ஸ் ஃபொன் ஹொக்பெர்க் பிரபு, ஜப்பானியத் தோட்டக்கலைஞர் மன்கிச்சி அராயின் துணையுடன் இத்தோட்டத்தை அமைத்தார். கண்காட்சி முடிந்தபின் அகற்றக்கூடிய அணிப்பொருட்களிற் பல எடுத்துச் செல்லப்பட்டன. இதனால் தோட்டத்தின் ஜப்பானியத் தன்மை பெரிதும் குன்றியது.

மீட்டமைப்பும் வெள்ளமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 இல், நகரம் போலந்தின் வசமானது. 1990களின் நடுப்பகுதியில், நகோயா நகரத் தோட்டக்கலை வல்லுநர்களின் உதவியுடன் இத்தோட்டம் மீட்டமைக்கப்பட்டு, 1997 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஓடர் ஆறு பெருக்கெடுத்து நகரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. தோட்டத்தில் வெள்ளம் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. நீண்டநாள் நீரில் மூழ்கும் வேர்களுக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. இதனால் புதிதாக நடப்பட்ட செடிகளில் பெரும்பாலானவை அழிந்தன. பணிகள் மீண்டும் மேற்கொள்ளப்பட்டு, 1999 அக்டோபரில் தோட்டம் மறுபடியும் திறக்கப்பட்டது.

அமைப்பு

இது குளத்தைச் சுற்றி நடந்தவாறே காணும் வகையைச் சேர்ந்தது. இவ்வகைத் தோட்டங்களில் எந்த ஓர் இடத்திலிருந்தும் முழுத் தோட்டத்தையும் காண இயலாது. வளைந்து செல்லும் பாதையில் முன்னேறுந்தோறும் காட்சிகள் ஒவ்வொன்றாகப் புலப்படும். மரபுவழி வாயில், வளைவுப் பாலம், கூரையிட்ட பாலம், கல் விளக்குகள் ஆகியவை இங்கு உள்ளன. அருவிகள் இரண்டில், விசையுடன் விழுவது ஆண் அருவி எனவும் மென்மையாக வழிவது பெண் அருவி எனவும் அழைக்கப்படுகின்றன.

குளிர்காலத்தில் இத்தோட்டம் மூடப்பட்டிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பார்வையாளர்கள் அனுமதிக்கப்படுகின்றனர்.